காவல் நிலையமும் திருநங்கையர் உரிமையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு மேற்கே போகிறது. அதற்குத் தெற்கே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்த இப்பிரதேசம், 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது முதல், கார், கண்ணாடி, டயர், கைப்பேசி, மோட்டார் சைக்கிள் என்று சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகி, இரவென்றும் பகலென்றும் பேதமில்லாமல் விழித்திருக்கும் பூமியாக மாறிவிட்டது. ஷிப்டு மாறும் வேளைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்பதும், அந்தப் பஸ்களை நம்பி டீக்கடையும் தள்ளுவண்டியும் விடியும்வரை நடப்பதும், லாரிகள் சாலையோரம் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கே அன்றாடக் காட்சி. அக்காட்சியில் திருநங்கையரும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாகக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஷிப்டுக்குப் போகிறவர், கடை கடையாகக் காசு கேட்டு ஜீவிக்கிறவர், சுங்கச் சாவடியில் வண்டிகளிடையே கைதட்டி நிற்கிறவர், இரவில் சாலையோரம் காத்திருக்கிறவர் என்று அவர்களுடைய ஜீவனோபாயங்கள் பலவாயினும், ரோந்து வண்டியின் விளக்கொளியில் அவர்கள் அனைவரும் ஒரே வகையினராகத் தோன்றிவிடுவதே நாம் ஆராயப் புகும் பிரச்சினையின் ஆரம்பம்.

காவல் துறையோடு ஏற்படும் சம்பந்தத்தில் இவர்களுக்குள்ள உரிமைகள் யாவை என்று கேட்டால், நூலகத்தில் உட்கார்ந்து விடை எழுதுவது இன்று அவ்வளவு சிரமமன்று. அரசியல் சாசனத்தின் ஷரத்துகளும் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளும் தனிச் சட்டமும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் உயிர் பெறுவதும் பெறாமற்போவதும் நிலையத்தின் ரைட்டர் மேஜைமீது, முதல் ஒரு மணி நேரத்தில், எந்தப் பதிவேட்டில் யாருடைய பெயர் எந்தத் தலைப்பின் கீழ் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். திருநங்கையின் பெயர் காவல் பதிவேட்டில் நெடுங்காலமாகச் சந்தேகத்துக்குரியவர் என்ற தலைப்பிலேயே ஏறி வந்தது. புகார் கொடுப்பவர் என்ற தலைப்பில் அதே பெயரை ஏற்றுவதற்குத்தான் இத்தனை சட்டமும் தேவைப்பட்டிருக்கிறது. அது இன்னும் முற்றுப்பெறவுமில்லை.

அந்தப் பழைய தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பிள்ளைகளைக் கடத்துவதாகவோ இயற்கைக்கு மாறான குற்றம் புரிவதாகவோ நியாயமான சந்தேகத்துக்கு உள்ளான அலிகளின் பெயர், வாசஸ்தலம், சொத்து ஆகியவற்றைக் குறித்துப் பதிவேடு வைக்கும்படி விதித்தது. அவ்வாறு பதிவானவர் பெண்ணுடை உடுத்தோ நகை பூண்டோ பொதுத் தெருவில் தோன்றினால், அல்லது ஆடிப் பாடினால், பிடியாணையில்லாமலே கைது செய்து இரண்டு ஆண்டுவரை சிறையில் வைக்க இடங்கொடுத்தது. குற்றம் என்று ஒன்று நடந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. சேலை கட்டியிருப்பதே குற்றமாயிற்று. இப்பகுதி வட இந்திய மாகாணங்களை நோக்கிப் பிறந்ததேயன்றிச் சென்னை மாகாணத்துக்காகப் பிறந்ததன்று. ஆயினும் அதன் மனோபாவத்துக்கு எல்லைக்கல் கிடையாது. நிஜாமின் ஹைதராபாத்தில் 1329 பசலியில், அதாவது 1919-ல், இதே அச்சில் வார்த்த சட்டமொன்று பிறந்து, நிஜாம் ஆட்சி மறைந்த பின்னும் ஏட்டில் நீடித்து, 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றத்தால் செல்லாதென்று தள்ளப்பட்டது. நம் நெடுஞ்சாலை போய்ச் சேரும் கர்நாடகத்திலோ, 2011-ல்கூடப் போலீஸ் சட்டத்தில் 36-ஏ என்னும் புதுப் பிரிவைச் சேர்த்து, அலிகளின் பெயர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அதிகாரத்தை வழங்கியிருந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அந்தப் பழைய வாசகம் ஒரு சட்டசபையின் கைக்குத் தானாக வந்து விழுந்தது என்றால், ஒரு தலைமைக் காவலரின் வாயில் அது வந்து விழுவதில் என்ன வியப்பு?

தமிழ்நாட்டில் இவ்விஷயம் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது ஒரு மரணத்தின் வழியாக. 2006-ல் சென்னையில் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட திருநங்கை ஒருவர், விசாரணை என்ற பெயரில் பாலியல் வதைக்கு உள்ளாகி, அவமானம் தாளாமல் தீக்குளித்து மாண்டார். உடன்பிறந்தவர் தொடுத்த ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே, இந்தியாவில் முதன்முறையாக, இவர்களுக்கென ஒரு நல வாரியம் இம்மாநிலத்தில் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கில் அளித்த தீர்ப்பு, தன்னுடைய பாலினத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்வது மனிதக் கௌரவத்தின் அங்கமென்றும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் அங்கீகாரம் என்று நிர்ப்பந்திப்பது சட்டவிரோதமென்றும் முடிவு கூறியது.

அதே ஏப்ரல் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். நாகமுத்து வழங்கிய நங்கை வழக்கின் தீர்ப்பு, பெரிய தீர்ப்பின் நிழலில் மறைந்து அதிகம் பேசப்படாததாயினும், நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்ந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனையில் வேறு விதமாகக் கண்டோம் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கம் செல்லாது என்று கூறிய நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை உடலைச் சோதித்து அவர்மீது சுமத்த முதலாளிக்கும் அரசுக்கும் அதிகாரமில்லை என்பதை நிலைநாட்டியது. தன் துறையில் பணிபுரியும் ஒருவரையே அவ்விதம் சோதிக்கலாகாது என்றால், சாலையில் பிடித்து வந்த ஒருவரை ஆணா பெண்ணா என்று ஆராய்வதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை ஏது? பின்னர் 2015 நவம்பரில் பிரித்திகா யாஷினி வழக்கில் அதே நீதிமன்றம் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்துக்கு ஆணையிட்டதும், அவர் 2017-ல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றதும் யாவரும் அறிந்ததே.

இனி, பிடிக்கப்பட்டவரின் உரிமைக்கு வருவோம். திருநங்கையருக்கென்று தனியே எழுதப்பட்ட கைது விதி எதுவும் இல்லை. குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான விதிகளே அவர்களுக்கும் கவசம். 2024 ஜூலை 1 முதல் அவ்விதிகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன. ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றமாயின், கைது அவசியம் என்பதற்குக் காரணம் எழுதாமல் கைது செய்யலாகாது. 35-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து அழைப்பதே முறை. கைதின் காரணத்தையும் ஜாமீன் உரிமையையும் சொல்லவேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும். இவை சட்டம் படித்த எவரும் ஒப்பிக்கக்கூடியவை. நான் வாசகரின் கவனத்தைத் திருப்ப விரும்புவது, 36-ஆம் பிரிவு கேட்கும் கைதுக் குறிப்பாணை என்ற ஒரு தாளின்மீது.

அத்தாளில் கைதான நேரமும் தேதியும் இருக்கவேண்டும். கைதானவரின் கையொப்பம் இருக்கவேண்டும். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரோ அவ்வட்டாரத்து மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திடவேண்டும். விதி செய்தவர் கண்முன் நின்ற மனிதன் தாய் தகப்பனோடு சொந்த ஊரில் வசிக்கும் ஒருவன் என்பது இதிலேயே தெரிகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, எங்கோ ஒரு திருநங்கையர் ஜமாத்தில் தத்துமகளாகச் சேர்ந்து, ஒரகடத்தருகே வாடகை அறையொன்றில் நால்வரோடு குடியிருக்கும் ஒருவருக்குக் குடும்பம் என்பது யார்? வட்டாரத்து மதிப்பிற்குரியவர் என்று நிலையத்தார் அழைத்து வருபவர் பெரும்பாலும் அவருக்கு எதிராகப் புகார் கொடுத்த கடைக்காரராகவே இருக்க நேர்ந்தால், அந்தச் சாட்சியத்துக்கு என்ன பெறுமதி? இங்கே 48-ஆம் பிரிவு கைகொடுக்கிறது. கைதுச் செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ, அல்லது கைதானவர் தாமே பெயர் சொல்லும் வேறொருவருக்கோ தெரிவிக்கவேண்டும் என்பது அதன் விதி, 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், அவருடைய நலத்தில் அக்கறையுள்ள எவருக்கேனும் என்று தாராளமாகவே சொல்லியிருந்தது. ஆகவே தத்தெடுத்த தாயின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொல்லி, அவரை அழையுங்கள் என்று கேட்பது கெஞ்சிப் பெறும் சலுகையன்று. கேட்டால் செய்தே தீரவேண்டிய கடமை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஒருவர் லாக்-அப்பில் ஊரறியாமல் கழிக்கும் இரவு இல்லாமற்போகலாம்.

உடற்சோதனையில்தான் சட்டம் தடுமாறுகிறது. பெண்ணைப் பெண்ணே, கண்ணியத்தோடு சோதிக்கவேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. பெண்ணைக் கைது செய்கையில் ஆண் காவலர் தொடலாகாது, சூரியன் மறைந்தபின் உதயமாகுமுன் மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதியின்றிக் கைது கூடாது என்கிறது 43-ஆம் பிரிவு. (இந்த இரவுத்தடை கட்டாய விதியன்று, ஆனால் மீறிய அதிகாரி காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியிருப்பதையும் மறைக்கலாகாது.) இவ்விதிகளில் பெண் என்ற சொல் திருநங்கையையும் தழுவுமா? சன்ஹிதா வாய் திறக்கவில்லை. ஆயினும் 2019-ல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று அருண்குமார் வழக்கில் தீர்ப்பளித்தார். 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், கணவன் வீட்டாரின் கொடுமைக்கெதிரான பிரிவைத் திருநங்கை மனைவியும் பயன்படுத்தலாம் என்றது. மணவறையிலும் புகுந்த வீட்டிலும் பெண்ணாக ஏற்கப்பட்டவர் காவல் நிலையத்துப் படியேறியதும் அந்த அந்தஸ்தை இழக்கிறார் என்று வாதிப்பது தர்க்கத்துக்குப் பொருந்தாது. மத்திய உள்துறை 2022 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும், கைதி விரும்பும் பாலினத்தவரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ சோதனை செய்யவேண்டும் என்கிறது. ஆனால் அது சிறைச்சாலைக்கு எழுதப்பட்டது, நிலையத்து லாக்-அப்புக்கு அன்று. உலகமும் இதில் ஒருமுகமாக இல்லை. பாகிஸ்தானின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கெனத் தனிக் காவலறைகள் அமைக்கும் கடமையை அரசின்மீது சுமத்தியது. இங்கிலாந்திலோ, 2025 ஏப்ரலில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் பெண் என்பதற்குப் பிறப்புவழி அர்த்தம் கூறியவுடன், ரயில்வே போலீசார் தங்கள் சோதனை முறையையே மாற்றிக்கொண்டார்கள். தொழிற்சாலை வாயிலில் ஆண்வரிசை, பெண்வரிசை என்று நின்று காவலாளியின் கருவிக்கு உடலைக் காட்டிப் பழகிய ஒருவருக்கு, எந்த வரிசை என்னும் கேள்வி நிலையத்தில் புதிதாக எழுவதன்று. அங்கே மறுத்தால் அன்றைய கூலி போகும், இங்கே மறுத்தால் அரசாங்கப் பணியாளரைத் தடுத்ததாக வழக்கு வரும், அவ்வளவே வித்தியாசம்.

சாலையில் நிற்பதற்கே உரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி. 2019-ல் இயற்றப்பட்ட திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, மற்றவர்க்குத் திறந்திருக்கும் பொது இடத்தை இவர்களுக்கு மறுப்பதையும், குடியிருக்கும் வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்வதையும் குற்றமாக்கியது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவரை வேறு காரணமின்றி இங்கே நிற்காதே என்று லத்தியை ஆட்டி விரட்டுவதும், இவர்களுக்கு அறை கொடுக்காதே என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இப்பிரிவின் வாசகத்துக்குள் அடங்குவனவே. விரட்டுவோர் கையில் உள்ள ஆயுதங்கள் 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், ஆணையரக எல்லைக்குள் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் ஆகியவை. கடைசியாகச் சொன்ன சட்டம் பொது இடத்தில் அழைப்பதைத் தண்டிக்கிறதேயன்றி, வயது வந்தவர் தம் இச்சையால் செய்யும் பாலியல் தொழிலையே குற்றமாக்கவில்லை. 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் இதை வலியுறுத்தி, அத்தொழிலில் உள்ளோரையும் காவலர் கண்ணியமாக நடத்தவேண்டுமென்று உத்தரவிட்டது. கைப்பையில் ஆணுறை இருந்ததென்பதும், இருட்டில் நின்றார் என்பதும் குற்றத்துக்குச் சாட்சியமாகா. மாத முடிவில் பெட்டி கேஸ் எண்ணிக்கை குறைந்திருக்கும்போது யாரைப் பிடிப்பது எளிது என்பதைக் காவல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

உள்ளதைச் சொல்வதென்றால், கடைக்காரர் பக்கத்திலும் மனக்குறை உண்டு. கேட்டுக் கொடுக்காத இடத்தில் வசைமாரி பொழிவதும், லாரி டிரைவரின் சட்டைப்பையில் கைவைப்பதும் நடக்காமல் இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பது யார் செய்தாலும் குற்றமே. அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பறித்தவர்மீது வழக்குப் போடுவது வேறு, ஒருவர் பறித்தார் என்பதற்காக அவ்வட்டாரத்துத் திருநங்கையர் அனைவரையும் வண்டியில் ஏற்றிப் புகைப்படமெடுத்துப் பெயர் எழுதிக்கொள்வது வேறு. பின்னது 1871-க்குத் திரும்பிப் போவது.

இதுவரை சொன்னவை சந்தேக நபராக நிலையத்துக்குப் போகிறவர் பற்றியவை. புகார் கொடுக்கப் போகிறவரின் கதைதான் அதிகச் சிக்கலானது. மேலே கூறிய 18-ஆம் பிரிவு, இவர்களை உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் துன்புறுத்துவதையும் பாலியல் கொடுமை செய்வதையும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டுவரை சிறையும் அபராதமும் விதித்துத் தண்டிக்கும் என்றே 2019-ல் வகுக்கப்பட்டது. பார்வைக்கு நன்றாயிருக்கிறது. ஆனால் தனிச் சட்டங்களில் மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்கள், அச்சட்டமே வேறுவிதமாகச் சொல்லாதவரை, மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை செய்யமுடியாத வகையைச் சேர்ந்தவை என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை கூறுகிறது. 2019 சட்டமோ வேறுவிதமாக எதுவும் சொல்லவில்லை. விளைவு என்ன? அடிபட்டு வந்தவர் 18-ஆம் பிரிவை மட்டும் சொல்லிப் புகார் கொடுத்தால், முதல் தகவல் அறிக்கை போடமுடியாது என்று ரைட்டர் சொல்வது சட்டப்படி சரியாகிவிடுகிறது, மனு வந்ததற்கு அத்தாட்சியான உள்ளங்கையளவு சி.எஸ்.ஆர். ரசீதில் ஓர் எண்ணும் முத்திரையும் வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். பாதுகாப்பதற்கென்றே செய்த சட்டம் காவலருக்குக் கையைக் கட்டிக்கொள்ள ஒரு காரணம் கொடுத்துவிட்டது.

இதற்கு மாற்றுவழி சட்டத்திலேயே உண்டு. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அவற்றில் ஒன்றேனும் பிடியாணை வேண்டாக் குற்றமாயிருந்தால், முழு வழக்கையும் அவ்வாறே கருதவேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவு. வழிமறித்து நிறுத்துவதும், பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவதும் நியாய சன்ஹிதாவின் 126, 296 ஆகிய பிரிவுகளின்கீழ் அத்தகைய குற்றங்கள். திருநங்கைமீது நடக்கும் தாக்குதலில் இவ்விரண்டும் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆதலால் புகார் மனுவில், அடித்தார்கள் என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், எந்த இடத்தில் வழிமறித்தார்கள், எந்த வார்த்தையால் திட்டினார்கள் என்பதை, எழுதக் கூசினாலும், உள்ளபடியே எழுதுவது அவசியம். அந்தக் கூச்சத்துக்குரிய வார்த்தையே முதல் தகவல் அறிக்கையைப் பெற்றுத்தருவது.

எல்லைப் பிரச்சினை இப்பிரதேசத்துக்கே உரிய தொல்லை. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது; தெற்கே சிங்கப்பெருமாள்கோவில் போனால் செங்கல்பட்டு மாவட்டம்; கிழக்கே வண்டலூர் நோக்கிப் போனால் 2022-ல் பிறந்த தாம்பரம் காவல் ஆணையரகம். கம்பெனி பஸ்ஸில் நடந்த சம்பவமாயின், அரைமணிப் பயணத்தில் எந்த எல்லையில் நடந்ததென்று சொல்வது கடினம். எங்கள் லிமிட் இல்லை என்ற பதிலோடு மூன்று வாசல் ஏறி இறங்கியவர் நாலாவது வாசலுக்குப் போகமாட்டார். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இப்போது இதற்கு இடமளிப்பதில்லை. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாகவேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையொப்பமிட்டால் போதும், பிரதி இலவசம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்டிரேட்டிடம் மனுப் போடலாம்.

பாலியல் வன்கொடுமையைப் பற்றிய இடைவெளி மேலும் கொடியது. நியாய சன்ஹிதா தன் சொற்பொருள் பகுதியில் திருநரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டதாயினும், கற்பழிப்புக் குற்றத்தை ஆண் பெண்ணுக்கு இழைப்பதாகவே பழையபடி வைத்துக்கொண்டது. 2018-ஆம் ஆண்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் சம்மதமற்ற செயல்களைத் தண்டிப்பதற்காக எஞ்சியிருந்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவையும் அடியோடு நீக்கிவிட்டது. பெண்ணுக்கு இழைத்தால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. அதே கொடுமை திருநங்கைக்கு இழைக்கப்பட்டால், அவர் பெண்ணென்று ஏற்கப்படாதவரை, இரண்டாண்டுக்கு மேற்படாத சிறை. சமத்துவத்தை விதிக்கும் 14-ஆம் ஷரத்தின் முன் இந்தப் பேதம் எவ்வாறு நிற்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியரின் நிலை வேறு. அவர்களை ரோந்து வண்டி தேடுவதில்லை. பெற்றோர் கொடுக்கும் காணவில்லை புகார் தேடிவருகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கென அரசு கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே பெருந்திரளானோர் வாடகை அறைகளில் வசிக்கிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து, தலைமுடியை வெட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்ட ஒருவரைத் தேடிச் சொந்த ஊர் நிலையத்திலிருந்து காவலர் வந்து நிற்கும்போது, வயது வந்தவர் தம் இஷ்டப்படி வாழ்கிறார் என்பதை யார் எடுத்துச் சொல்வது? சேர்ந்து வாழ மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் சுஷ்மா வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று இதற்கு விடை வகுத்தார்: சம்பந்தப்பட்டவர் வயது வந்தவர் என்பதும் தம் சம்மதத்தால் இருக்கிறார் என்பதும் வாக்குமூலத்தால் தெரிந்தால், மேற்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிடவேண்டும். உத்தரவுக்குப் பின்னும் தொந்தரவு தொடர்வதாக முறையீடு வரவே, நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் அரசு 2022-ல் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்து, பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்போரையும் துன்புறுத்துவதை ஒழுங்கு நடவடிக்கைக்குரியதாக்கியது. சட்டப்படி விசாரிப்பது துன்புறுத்தலாகாது என்று அவ்விதியே ஒரு விளக்கமும் சேர்த்திருப்பதால், இனி வாதமெல்லாம் எது சட்டப்படியான விசாரணை என்பதிலேதான் நடக்கும்.

பரிகாரங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். காவலர்மீதான புகாரை ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். 2020-ல் சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு நிலையத்திலும் இரவிலும் தெளிவாகப் பதியும் கேமராவும் ஒலிப்பதிவும் வைக்கச் சொல்லியிருப்பதால், சம்பவ நாளையும் நேரத்தையும் குறித்து அப்பதிவைப் பாதுகாக்கும்படி உடனே மனுக் கொடுப்பது நல்லது; தாமதித்தால் பதிவு இல்லாமற்போகலாம். 2019 சட்டத்தின்கீழ் வகுத்த 2020-ஆம் ஆண்டின் விதிகள் மாவட்டந்தோறும் ஆட்சியரின் பொறுப்பில் திருநர் பாதுகாப்புப் பிரிவொன்று அமையவேண்டும் என்கின்றன. இரண்டு மாவட்டத்திலும் ஓர் ஆணையரகத்திலும் பரவிக் கிடக்கும் இத்தொழிற்பிரதேசத்தில், அப்பிரிவுகள் ஒன்றோடொன்று கலந்து வேலை செய்தாலன்றிப் பயனில்லை.

வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று போகும் அவ்வரிசையில் திருநர் என்ற பெயர் இல்லை. ஆனால் காவலில் உள்ளவர் யாராயினும் என்று இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளி என்றும் இருக்கிறது. எனவே ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் திருநங்கையோ திருநம்பியோ, தம் பாலினத்துக்கு எந்தச் சான்றிதழும் காட்டாமலே, கழுத்தில் தொங்கும் ஒப்பந்தத் தொழிலாளி அட்டையைக் காட்டி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீலைக் கேட்கலாம்.